தப்பிச் செல்ல நிலமில்லாத தீவுகள்: புயல் புகலிடத்துக்கு யார் செலவிடுவது?

2017 செப்டம்பரில் இர்மா புயல் நெருங்கியபோது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 65 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். நெடுஞ்சாலைகள் திணறின, பெட்ரோல் பங்குகள் வறண்டன. இருந்தும் வடக்கே போவதற்கு ஒரு கண்டம் இருந்தது. புயல் ஃபுளோரிடாவை அடைவதற்கு நான்கு நாள் முன்னால், செப்டம்பர் 6 அதிகாலையில், அதே புயல் மணிக்குச் சுமார் 285 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரீபியக் கடலின் பார்புடா தீவைக் கடந்தது. அங்கே வாழ்ந்த ஏறத்தாழ 1,800 பேருக்கு எந்தத் திசையில் நடந்தாலும் கடல்தான். தீவுக்குள் இருப்பதிலேயே வலுவான கட்டடம் எதுவோ, அதற்குள் போய் ஒடுங்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. தீவின் கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சேதமடைந்தன. அப்படியொரு வலுவான கட்டடம் இருக்கிறதா, அதை யார் கட்டியது, எந்தப் பணத்தில் கட்டியது என்ற கேள்விகள் நிதி அமைச்சக அறைகளில் கணக்குகளாகத் தெரியலாம். தீவில் இருப்பவர்களுக்கு அவை உயிரைப் பற்றிய கேள்விகள்.

கடந்த அரை நூற்றாண்டில் புயலை முன்கூட்டிச் சொல்லும் அறிவியல் வெகுவாக வளர்ந்துவிட்டது. செயற்கைக்கோள்களும், புயலுக்குள்ளேயே பறந்து அளவெடுக்கும் விமானங்களும், கணினி மாதிரிகளும் சேர்ந்து புயலின் பாதையைப் பல நாள் முன்பே காட்டிவிடுகின்றன. அதன் வலிமையைச் சொல்வது இன்னும் கடினம். மரியா புயல் 2017 செப்டம்பர் 17 அன்றுதான் ஹரிகேன் நிலையை எட்டியது. மறுநாள் இரவு ஐந்தாம் வகை, அதாவது ஆக உயர்ந்த வகைப் புயலாக டொமினிக்கா தீவின்மேல் நின்றது. ஒரே நாளில் அப்படி உருமாறும் புயலுக்கு முன்னால் அத்தீவின் 70,000 பேரைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி அனுப்ப எந்த அரசாலும் முடியாது. எச்சரிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எங்கே போய்ப் பதுங்குவது என்பதற்கு ஊரில் பதில் இருந்தால்தான் அது உயிர் காக்கும். கரீபியத் தீவுகள் பெரும்பாலானவற்றில் அந்தப் பதில் ஒரு பட்டியலாக மட்டுமே இருக்கிறது. பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், சமூகக் கூடங்கள் ஆகியவற்றின் பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியலைப் புயல் பருவம் தொடங்கும்போது அரசு வெளியிடுகிறது. ஒரு கட்டடம் பட்டியலில் ஏறுவதற்கு அது ஐந்தாம் வகைப் புயலுக்காகக் கட்டப்பட்டிருக்க வேண்டியதில்லை. அது அங்கே இருந்தால் போதும். இந்தப் பட்டியல் கட்டடங்களைப் புயலைத் தாங்கும் புகலிடங்களாக மாற்றும் செலவைப் புயலுக்கு முன்பே பொதுப் பணம் ஏற்க வேண்டும் என்றும், அந்தப் பணம் கடனாக வராமல் மானியமாக வர வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

பட்டியலை நம்பியதன் விளைவைக் கிரெனடா 2004-லேயே கண்டது. 1955-இல் வந்த ஜேனட் புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டாக அந்தத் தீவைப் பெரும்புயல் எதுவும் தாக்கவில்லை. புயல் பாதை தங்களுக்கு வடக்கே என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் வந்தது. 39 பேர் இறந்தனர். வீடுகளில் பத்தில் ஒன்பது சேதமடைந்தன. மொத்தச் சேதம் நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல் இருமடங்கு. 75 அரசுப் பள்ளிகளில் 73 பழுதுபட்டன என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியமான எண். வீட்டுக் கூரை போனவர் எந்தக் கட்டடத்தை நோக்கி ஓடுவாரோ, அந்தக் கட்டடத்தின் கூரையும் அதே மணிநேரத்தில் போயிற்று. வீடும் புகலிடமும் ஒரே காற்றில் ஒருசேர விழுமானால் அங்கே புகலிடம் என்று ஒன்று இருந்ததாகவே கொள்ள முடியாது. இருபது ஆண்டு கழித்து, 2024 ஜூலை 1 அன்று, பெரில் புயல் அதே நாட்டின் கேரியாக்கூ, பெட்டிட் மார்ட்டினிக் தீவுகளைக் கடந்தது. அங்கிருந்த கட்டடங்களில் 98 சதவீதம் சேதமடைந்தன அல்லது அழிந்தன என்றார் பிரதமர் டிக்கன் மிட்செல். கேரியாக்கூவின் மருத்துவமனையும் தப்பவில்லை.

டொமினிக்காவில் மரியா அடித்த இரவில் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட்டின் வீட்டுக் கூரையே பறந்தது. அதை அவரே அந்த நேரத்தில் சமூக ஊடகத்தில் எழுதினார். நாட்டின் முதல் குடிமக்களில் ஒருவருடைய வீட்டுக்கே இந்தக் கதி என்றால் மலைச்சரிவில் தகரம் வேய்ந்த மரவீட்டில் இருப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தீவில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து 65 பேர். சேதமும் வருமான இழப்பும் சுமார் 130 கோடி அமெரிக்க டாலர். முந்தைய ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 226 சதவீதம். இரண்டே ஆண்டுக்கு முன், 2015-இல், எரிகா என்ற வெப்பமண்டலப் புயல் ஏறக்குறைய ஓர் ஆண்டு உற்பத்தியை விழுங்கியிருந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் இது.

கட்டடம் ஏன் விழுகிறது என்பதில் மர்மம் எதுவுமில்லை, அதுதான் இந்த இழப்புகளை மேலும் கசப்பாக்குகிறது. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் கூரைமீது 295 கிலோமீட்டர் காற்று அடித்தால் விசை இருமடங்கைத் தாண்டிவிடும். காற்று கூரையைக் கீழே அழுத்துவதில்லை. முகட்டிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் அதை மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. பறந்துவரும் மரக்கட்டையோ தகரமோ ஒரு ஜன்னலை உடைத்துவிட்டால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளத் தொடங்கும். மேலிருந்து இழுவை, கீழிருந்து உந்தல். தகட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் பிணைக்கும் ஆணிகளிலும் போல்ட்டுகளிலும் பட்டைகளிலும் எது பலவீனமோ அங்கே தொடங்கி எல்லாம் பிரிகிறது. கரீபியப் பள்ளிகளில் வெக்கையைத் தணிக்கத் துளைக்கல் சுவர்களும் மரப்பட்டைச் சாய்வு ஜன்னல்களும் வைப்பது வழக்கம். ஆண்டின் 364 நாளும் பிள்ளைகளுக்கு நல்ல காற்றைத் தரும் அந்தத் திறப்புகள்தான் அந்த ஒரு நாளில் புயலை உள்ளே அழைக்கின்றன. பழைய தேவாலயங்களின் கற்சுவர்கள் பல புயல்களைத் தாங்கியிருக்கின்றன. அவற்றின் மேலிருந்த மரக்கூரைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

புயல் புகலிடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் ஐசிசி 500 தரநிலை தெளிவான விடை வைத்திருக்கிறது. அதன்படி கட்டடம் அப்பகுதியில் வரக்கூடிய மிக மோசமான காற்றுக்கு வடிவமைக்கப்பட வேண்டும். ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை வேகமாக ஏவி, கதவும் ஜன்னல் மறைப்பும் சுவரும் அதைத் தாங்குகின்றனவா என்று சோதிக்க வேண்டும். வெள்ளம் எட்டாத உயரத்தில் தளம் இருக்க வேண்டும். ஆளுக்கு இருபது சதுர அடி, அதாவது இரண்டு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடம் வேண்டும். ஃபுளோரிடா இன்னொரு படி முன்னே போனது. 1992-இல் ஆண்ட்ரூ புயல் அம்மாநிலத்தின் தென்பகுதியைச் சூறையாடிய பிறகு, விலக்குப் பெற்றவை தவிர மற்றப் புதிய அரசுப் பள்ளிகளெல்லாம் புயல் புகலிடமாகவும் பயன்படும்படி கட்டப்பட வேண்டும் என்று சட்டம் செய்தது. வடக்கே போக நெடுஞ்சாலை உள்ள ஊர் தன் வரிப்பணத்தில் இதைச் செய்துகொண்டது. நெடுஞ்சாலையே இல்லாத தீவுகளால் இன்னும் முடியவில்லை.

அந்தத் தீவுகளிலும் உறுதியான பொதுக் கட்டடம் என்ன செய்யும் என்பதை 2019 செப்டம்பர் 1 அன்று பஹாமாஸ் காட்டியது. டோரியன் புயல் மணிக்கு 295 கிலோமீட்டர் காற்றோடு அபகோ தீவுகளில் கரையேறியது. பின்னர் கிராண்ட் பஹாமா தீவின்மேல் ஒரு நாளுக்கும் மேலாக நகராமல் நின்றது. புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல் ஆறு மீட்டருக்கும் மேல் எழுந்தது. நாட்டின் மிக உயரமான குன்றே 63 மீட்டர்தான், அதுவும் வேறொரு தீவில். மக்கள் தஞ்சம் புகுந்த சில இடங்களுக்குள் நீர் வந்தது. ஃப்ரீபோர்ட் நகரின் ராண்ட் நினைவு மருத்துவமனையிலும் வெள்ளம் புகுந்தது. ஆனால் அபகோவின் மார்ஷ் ஹார்பரில் அரசு மருத்துவமனைக் கட்டடமும் அரசு அலுவலக வளாகமும் நின்றன. நூற்றுக்கணக்கானோர் அவற்றுக்குள் உயிர் பிழைத்தனர். அதே ஊரில் சற்றுத் தள்ளி, ஹெய்ட்டி நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் ஒட்டுப்பலகையாலும் மரத்தாலும் கட்டிக்கொண்ட மட், பிஜன் பீஸ் என்ற குடியிருப்புகள் தரைமட்டமாயின. அதிகாரபூர்வ இறப்பு எண்ணிக்கை 74. காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில். ஒரே புயலுக்கும் ஒரே கடலுக்கும் முன்னால் ஒரு கட்டடத்தின் உள்ளே இருந்தவர்களுக்கும் வெளியே இருந்தவர்களுக்கும் இப்படி வெவ்வேறு விதி.

இதை அளந்து பார்த்த ஆய்வும் உண்டு. அது வங்கக் கடலிலிருந்து வருகிறது. 1991 ஏப்ரலில் வங்கதேசத்தில் 1,38,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற புயலுக்குப் பிறகு நடந்த ஒரு கள ஆய்வு, யார் எங்கே ஒதுங்கினார்கள், யார் பிழைத்தார்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டுக் கணக்கெடுத்தது. கான்கிரீட் அல்லது செங்கல் கட்டடத்தை அடைய முடியாதவர்களில் கிட்டத்தட்ட 22 சதவீதம் பேர் இறந்திருந்தனர். அத்தகைய கட்டடத்தை அடைந்த அனைவரும் பிழைத்திருந்தனர். பேரிடர் ஆய்வுகளில் இத்தனை தெளிவான விடை அபூர்வம். அதன்பின் வங்கதேசம் தூண்கள்மேல் உயர்த்திய கான்கிரீட் புகலிடங்களைக் கடலோரமெங்கும் கட்டியது. கீழ்த்தளம் கடல்நீர் புகுந்து போகத் திறந்திருக்கும், மேல்தளம் மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். 1970-இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட கடற்கரையில் 2020-இல் அம்பன் புயல் இருபத்தைந்து முப்பது உயிர்களோடு போயிற்று. எச்சரிக்கை அமைப்பும் ஊர்தோறும் செயல்படும் தன்னார்வலர் படையும் இதில் சம பங்கு உரியவை. கட்டடம் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. ஆனால் தன்னார்வலர் மெகாபோன் பிடித்துப் போகச் சொல்வதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கரீபியத் தீவுகளைவிடப் பலமடங்கு ஏழையான நாடு அந்த இடத்தைக் கட்டிக் காட்டியது.

கரீபியத்தில் புயலன்று சாகிறவர்கள் ஒப்பீட்டளவில் குறைவு, பெரிலில்கூட ஒருசிலரே இறந்தனர், பிறகு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்கலாம். உயிரிழப்பைப் புயல் வீசும் ஆறேழு மணிநேரத்துக்குள் மட்டும் எண்ணினால் அந்தக் கேள்வி நியாயமாகத் தோன்றும். போர்ட்டோ ரிக்கோவில் மரியாவுக்குப் பின் அரசு முதலில் சொன்ன இறப்பு எண்ணிக்கை 64. பிறகு அரசே கேட்டுக்கொண்டதன்பேரில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அடுத்த ஆறு மாதத்தின் மரணப் பதிவுகளை ஆராய்ந்தது. வழக்கத்துக்கு மேல் 2,975 பேர் இறந்திருந்தார்கள் என்று 2018-இல் தெரியவந்தது. முதியவர்களும் ஏழைகளும் அவர்களில் மிகுதி. மின்சாரம் இல்லை, மருந்தைக் குளிர்பதனத்தில் வைக்க வழியில்லை, சாலைகள் இல்லை. காற்று போன பிறகான மாதங்களே அதிகம் பேரைக் கொன்றன. ஆகவே புகலிடத்தைப் புயல் இரவுக்கான அறையாக மட்டும் பார்த்தால் அதன் பயனில் பெரும்பகுதி கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும். சூரிய மின்தகடும் பேட்டரியும், மழைநீர் சேமிக்கும் தொட்டியும், சிறு மருந்தகமும், பூட்டும் விளக்கும் உள்ள தனித்தனிக் கழிப்பறைகளும் அதற்குள் இருக்க வேண்டும். வங்கதேசத்தில் பெண்கள் புகலிடங்களுக்கு வரத் தயங்கியதற்கு இத்தகைய வசதிகள் இல்லாததும் ஒரு காரணமாக இருந்தது. இதை அலங்காரச் செலவென்று வெட்டும் பொறியாளர் கட்டடத்தின் பாதிக் கொள்ளளவை வெட்டுகிறார்.

மக்கள் தங்கள் மண்ணிலேயே இருக்க முடிவதும் புகலிடத்தின் பயன்களில் ஒன்று. இதைச் செலவுக் கணக்குகள் தொடுவதே இல்லை. இர்மா கடந்த சில நாட்களில் ஹோசே என்ற அடுத்த புயல் பார்புடாவை நோக்கி வந்தது. தங்க ஒரு கூரையில்லாத நிலையில் முழு மக்கள்தொகையையும் பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் முதல்முறையாகப் பார்புடாவில் மனிதர் யாருமில்லை. அடிமைமுறை ஒழிந்த காலந்தொட்டு அங்குள்ள நிலம் ஊர்ப் பொதுவில் ஆளப்பட்டுவந்தது. 2007-இல் அதைச் சட்டமாகவும் ஆக்கியிருந்தார்கள். மக்கள் அகற்றப்பட்ட சில மாதங்களிலேயே அந்தச் சட்டத்தைத் திருத்தும் வேலையை மத்திய அரசு முன்னெடுத்தது. புதிய விமான நிலையத்துக்கான நிலத்தில் இயந்திரங்கள் இறங்கின. அந்த விமான நிலைய அனுமதியை எதிர்த்து வழக்காடத் தங்களுக்கு உரிமை உண்டென்று பார்புடாக்காரர்கள் லண்டனின் பிரிவி கவுன்சில்வரை போய் 2024-இல்தான் தீர்ப்புப் பெற்றார்கள். நிலச் சட்டத்தைத் திருத்தியது சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் அந்த விவாதம் நடந்தபோது மக்கள் தங்கள் ஊரில் இருந்திருக்க வேண்டும். ஊரில் ஐந்நூறு பேரைச் சில மாதம் தாங்கக்கூடிய இரண்டு மூன்று கட்டடங்கள் நின்றிருந்தால், அவர்களை அழைத்துப் போகும் கப்பல் திரும்பி வருவதற்கான கால அளவு வேறாக இருந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் கட்டப்படவில்லை என்று கேட்டால், பணம் நகரும் முறையைத்தான் பார்க்க வேண்டும். தீவுகளுக்கான பேரிடர் நிதி பெரும்பாலும் புயலுக்குப் பின்னால் வருவதற்கே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கரீபிய நாடுகள் 2007-இல் சேர்ந்து தொடங்கிய சிசிஆர்ஐஎஃப் என்ற கூட்டுக் காப்பீடு நல்ல ஏற்பாடுதான். காற்றின் வேகத்தை அளந்து இரண்டே வாரத்தில் பணம் தருகிறது. மரியாவுக்குப் பின் டொமினிக்காவுக்கு அது தந்தது சுமார் 1.9 கோடி டாலர், இழப்போ 130 கோடி. ஜமைக்கா இன்னும் முன்யோசனையோடு பேரிடர்ப் பத்திரம் வெளியிட்டிருந்தது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா ஐந்தாம் வகைப் புயலாக அந்நாட்டின் மேற்கில் கரையேறியபோது அதன் முழுத்தொகையான 15 கோடி டாலரும் கிடைத்தது. சேத மதிப்பீடு 880 கோடி டாலர். கிரெனடா தன் கடன் பத்திரங்களில் புயல் அடித்தால் தவணையை ஒத்திவைக்கும் விதியைச் சேர்த்திருந்ததால் பெரிலுக்குப் பின் மூச்சுவிட அவகாசம் பெற்றது, கடன் குறையவில்லை. இவற்றில் எந்தப் பணமும் ஒரு கூரையைக்கூட முன்கூட்டி இறுக்கிப் பிணைப்பதில்லை. காப்பீட்டை வலியுறுத்துவோர் அது நிதிக் கருவூலத்தைக் காக்கிறது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் புயல் இரவில் கருவூலத்துக்குள் யாரும் ஒதுங்க முடியாது.

முன்கூட்டிக் கட்டப் பணம் கேட்டால் தீவுகள் முதலில் சந்திப்பது தகுதிச் சுவர். பஹாமாஸ் உயர்வருமான நாடென்று 1996-லேயே வளர்ச்சி உதவி பெறுவோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆன்டிகுவா–பார்புடா 2022-இல் நீக்கப்பட்டது, பார்புடா காலியாகி ஐந்து ஆண்டுகூட ஆகியிராதபோது. சுற்றுலா விடுதிகளின் வருவாயைக் குடிமக்கள் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் சராசரிதான் இந்த அளவுகோல். ஒரே இரவில் ஓராண்டு உற்பத்திக்கு மேல் இழக்கக்கூடிய நாட்டைச் சராசரி வருமானத்தால் அளப்பது அளவையே அல்ல என்று பார்படாஸ் பிரதமர் மியா மோட்லி முதலானோர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அதன் பயனாக 2024 ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை பன்முக நலிவுக் குறியீட்டை ஏற்றது. ஆனால் எந்த வங்கியும் அதன்படி கடன் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலநிலை மாநாடுகள் உருவாக்கிய இழப்பு–சேத நிதிக்கு 2023 துபாய் மாநாட்டையொட்டி வாக்களிக்கப்பட்ட தொகை 80 கோடி டாலரை எட்டவில்லை. உலகத்துக்கே ஆன அந்தத் தொகை மரியா புயல் டொமினிக்கா என்ற ஒரே தீவுக்கு ஏற்படுத்திய இழப்பைவிடக் குறைவு.

கடனாகத் தந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கட்டடம் நாட்டின் சொத்துத்தானே. கடனுக்குக் கட்டும் சொத்து ஏதாவது வருவாய் ஈட்ட வேண்டும், அல்லது வளர்ச்சியைக் கூட்டி வரியாகத் திரும்ப வேண்டும். துறைமுகம் அப்படிச் செய்யும். புகலிடம் ஈட்டித் தருவது நேராத மரணங்கள். அவற்றுக்கு யாரும் வரி கட்டுவதில்லை. மேலும் கரீபிய நாடுகள் அனைத்தும் சேர்ந்து வெளியிடும் பசுமைக்குடில் வாயு உலக அளவில் 1 சதவீதத்துக்கும் குறைவு. கடல் சூடேறுவதால் புயல்கள் வேகமாக வலுப்பெறுகின்றன என்பது இன்று அறிவியல் ஏற்ற முடிவு. அந்தச் சூட்டுக்கு மிகக் குறைந்த பொறுப்புள்ளவர்கள் தங்கள் உயிரைக் காத்துக்கொள்ள வட்டி கட்ட வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் அடங்காது. மானியம் என்று நான் வற்புறுத்துவது இந்த இரண்டு காரணங்களுக்காக.

இன்னும் கனமான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. புகலிடத்துக்குச் செலவிடும் பணத்தில் வீடுகளையே உறுதியாகக் கட்டினால் புகலிடமே தேவைப்படாது என்பது அது. இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. பசிபிக் கடலின் குவாம் தீவு 1962-இல் கரேன் சூறாவளியால் சிதைந்த பின் கான்கிரீட் வீடுகளுக்கு மாறியது. 2023-இல் மாவர் சூறாவளி அங்கே பெருஞ்சேதம் செய்தும் மனித உயிர்களை அள்ளிப்போகவில்லை. பெர்முடாவின் சுண்ணாம்புக்கல் கூரைகள் நூற்றாண்டுகளாகப் புயலைத் தாங்கி மழைநீரையும் சேர்த்துத் தருகின்றன. இறுதி இலக்கு இதுவே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குவாமின் பின்னால் அமெரிக்கக் கருவூலமும் ராணுவத் தளமும் இருந்தன, பெர்முடா உலகின் பணக்காரத் தீவுகளில் ஒன்று. ஒரு தீவின் எல்லா வீடுகளையும் மாற்றுவது ஒரு தலைமுறையின் வேலை. அந்தத் தலைமுறைக்குள் பெரும்புயல் மீண்டும் வரக்கூடும். வாடகை வீட்டில் இருப்பவர், நிலப்பட்டா இல்லாதவர், சேரிக் குடியிருப்பில் இருப்பவர் ஆகியோர் வீடு வலுப்படுத்தும் திட்டங்களின் வரிசையில் எப்போதும் கடைசி. புயலுக்கு முதலில் இரையாவதும் அவர்களே. பொதுப் பணம் முதலில் போக வேண்டியது அவர்களுக்கும் கதவு திறக்கும் கட்டடத்துக்கு.

கதவு திறக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டுமே என்பது அடுத்த சிக்கல். அபகோவின் மட் குடியிருப்பில் ஆவணமில்லாதவர்களுக்கு அரசுக் கட்டடம் என்றாலே அச்சம். அங்கே போனால் நாடு கடத்துவார்கள் என்று பயந்தவர்கள் பலர். டோரியனுக்குப் பின் சில வாரங்களிலேயே நாடுகடத்தல் மீண்டும் தொடங்கியது அந்தப் பயத்தை மெய்ப்பித்தது. எவ்வளவு கனமான சுவர் எழுப்பினாலும், உள்ளே போலீஸ் இருக்குமோ என்று அஞ்சும் தாய் குழந்தையோடு வெளியேதான் நிற்பாள். எனவே மானியம் தருவோர் வைக்கும் நிபந்தனைகளில், புகலிடத்துக்குள் யாரிடமும் குடியுரிமை ஆவணம் கேட்கக் கூடாது என்பது பொறியியல் நிபந்தனைகளுக்குச் சமமாக இருக்க வேண்டும். இது இரக்கத்தின்பாற்பட்ட சலுகையாக இல்லாமல், சட்டத்தில் எழுதப்பட்டு, புயல் பருவத்துக்கு முன் அவர்கள் பேசும் கிரயோல் மொழியிலும் அறிவிக்கப்பட வேண்டும்.

எவ்வளவு ஆகும்? கேரியாக்கூ, பெட்டிட் மார்ட்டினிக் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 9,000 பேர். அவர்களில் பாதிப்பேருக்குப் புகலிடம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐசிசி 500 சொல்லும் இடத்தைப் பெருக்கினால் சுமார் 8,400 சதுர மீட்டர் வருகிறது. நான்கைந்து நடுத்தர அளவு மாடிப் பள்ளிகளின் தளப்பரப்பு அது. நெடுநாள் தங்குவதற்கு ஸ்பியர் என்ற பன்னாட்டு மனிதநேய நெறிமுறை சொல்லும் ஆளுக்கு 3.5 சதுர மீட்டரைக் கொண்டால் பரப்பு இருமடங்குக்குச் சற்றுக் குறையும். இரண்டும் எட்டாக்கனி அல்ல. இந்தப் பள்ளிகளையும் சுகாதார நிலையங்களையும் எப்படியும் கட்டத்தான் போகிறார்கள். ஆகவே கேட்கப்படுவது முழுக் கட்டடத்தின் விலை அன்று. சாதாரணப் பள்ளிக்கும் புயல் தாங்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே. தகரக் கூரைக்குப் பதில் கான்கிரீட் தளம், துளைக்கல் திறப்புகளுக்கு இழுத்து மூடும் ஷட்டர், ஒரு மாடி கூடுதல் உயரம், தொட்டி, மின்தகடு. புதிய மருத்துவமனைகளில் தொடக்கத்திலிருந்தே பேரிடர்ப் பாதுகாப்பைச் சேர்த்து வடிவமைத்தால் செலவு 4 சதவீத அளவுக்கே கூடும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியிருக்கிறது. ஐந்தாம் வகைப் புயலுக்குரிய பள்ளிக்கு அதைவிடக் கூடுதலாக ஆகலாம். அதன் பலமடங்கே ஆனாலும், கட்டி முடித்து விழுந்தபின் திரும்பக் கட்டும் விலையோடு ஒப்பிட அது சிறிது. அன்றாடம் வகுப்பு நடக்கும் கட்டடம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீண்செலவு என்ற குற்றச்சாட்டுக்கும் ஆளாகாது. பள்ளியில் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்கினால் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்பது நியாயமான கவலை. சில வகுப்பறைகளையேனும் சீக்கிரம் காலி செய்து ஒப்படைக்கும்படி மொத்தப் பரப்பைச் சற்றுத் தாராளமாகக் கட்டுவதைத் தவிர அதற்கு எனக்கு வேறு முழு விடை தெரியவில்லை.

பராமரிப்பில்தான் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் தோற்கின்றன. உப்புக்காற்று போல்ட்டைத் தின்கிறது, ஷட்டரின் தண்டவாளம் துருப்பிடிக்கிறது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் பள்ளியின் வரவுசெலவில் தலைப்பே இருப்பதில்லை. நன்கொடை நாடு திறப்புவிழாக் கல்வெட்டோடு போய்விடும். பதினைந்து ஆண்டு கழித்து அதே கட்டடம் பட்டியலில் இருக்கும், வலிமை இருக்காது. அதனால் ஒவ்வொரு புகலிடத்துக்கும் கட்டுமான மானியத்தோடு ஒரு பராமரிப்பு வைப்புநிதியும் சேர்த்தே தரப்பட வேண்டும். புயல் பருவம் தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன்னால் ஒவ்வொரு ஆண்டும் சுயேச்சையான பொறியாளர் ஒருவர் சோதித்து, இந்தக் கட்டடம் இவ்வளவு வேகக் காற்றைத் தாங்கும், இத்தனை பேரைக் கொள்ளும் என்று வெளிப்படையாக எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். தாங்காது என்றால் அதையும் ஒட்ட வேண்டும். அரசியல்வாதிகளுக்கு அது சங்கடம்தான். ஆனால் தன் குடும்பத்தை எங்கே கூட்டிப்போவது என்று முடிவெடுக்கும் மனிதருக்கு அந்தத் தகவலைப் பெறும் உரிமை உண்டு. கரீபியப் பேரிடர் மேலாண்மை முகமை தீவுகள் அனைத்துக்கும் பொதுவான சோதனைமுறையை வகுத்து, சிறு தீவுகள் தனித்தனியே வைத்துக்கொள்ள முடியாத பொறியாளர்களைக் கூட்டாக அமர்த்தலாம். காப்பீட்டை அவர்கள் சேர்ந்து வாங்கியதுபோல இதையும் செய்யலாம்.

தாழ்ந்த தீவுகளில் எதையும் கட்டாமல் மக்களை மெல்ல வெளியேற்றுவதே அறிவுடைமை என்பாரும் உண்டு. இன்னும் எண்பது ஆண்டில் சில கடலோரங்கள் குடியிருக்கத் தகாதவை ஆகலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் அங்கே வாழ்பவர்கள், அதுவும் அவகாசத்தோடு. புகலிடம் தராமல் புயலுக்குப் புயல் அவர்களைக் களைப்படையச் செய்து வெளியேற வைப்பதைத் திட்டமிட்ட இடப்பெயர்வு என்று அழைக்க முடியாது. கேரியாக்கூவிலும், பெரில் சூறையாடிய செயின்ட் வின்சென்டின் யூனியன் தீவிலும், மெலிசாவுக்குப் பின் மேற்கு ஜமைக்காவிலும் இப்போது பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் திரும்ப எழுப்பப்படுகின்றன. அவற்றின் வரைபடங்கள் ஒப்புதலுக்குப் போகும் இந்த ஆண்டுகளில்தான் வித்தியாசத் தொகை மானியமாகக் கிடைக்க வேண்டும். கூரை போட்டு முடித்தபின் வரும் பணத்தால் ஷட்டர் மாட்டலாம், தொட்டி வைக்கலாம். தகரத்தைப் பிரித்து எறிந்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட எந்த நிதி அமைச்சரும் சம்மதிக்கமாட்டார்.